லஸ் சிக்னலில் குளிர்காற்று

1. டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போதெல்லாம் அப்பாவுக்குக் குளிரும்.

2. அதனால் வீடு திரும்பும் வழியில் காரில் ஹீட்டர் போடுவேன்.

3. வண்டி ஓடும்போது சூடான காற்று வரும்.

4. சிக்னலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் அந்தக் காற்று குளிர்ந்துவிடும். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

5. வண்டி நகர்ந்து வேகம் பிடித்தால் மறுபடி சூடு வரும்.

6. தி.நகரிலிருந்து மந்தைவெளிக்கு வரும் வழியில் எங்கள் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம்.

7. ஒரு நாள் வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா, "வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்ட்டி. மூணாவது வேண்டாம்" என்றார்.

ஏழாவதற்கு முதல் ஆறும் காரணம். டாக்டர் சொல்லியிருப்பது வாரத்துக்கு மூன்று. ஒன்றைக் குறைத்தால் உடம்பில் நீர் சேரும், பொட்டாசியம் ஏறும், மூச்சு வாங்கும். இதெல்லாம் அப்பாவுக்கும் தெரியும். ஊசி குத்துவதை அவர் பொறுத்துக்கொள்கிறார். மணிக்கணக்காகக் கையை அசைக்காமல் படுத்திருப்பதைப் பொறுத்துக்கொள்கிறார். தண்ணீரை அளந்து குடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். லஸ் சிக்னலில் நிற்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

சென்னையில் ஹீட்டரா என்று என்னிடம் கேட்காதவர்கள் ரொம்பக் குறைவு. டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீட்டுக்காரர்கள் மட்டும் கேட்டதில்லை. ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய், குழாயிலும் இயந்திரத்திலும் சுற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வருகிறது. வரும்போது அதில் கொஞ்சம் சூடு குறைந்திருக்கும். இயந்திரத்தில் சூட்டைக் கூட்ட முடியாதா என்று நர்ஸிடம் கேட்டேன். "கூட்டினா உங்க அப்பாவுக்கு பிரஷர் இறங்கிடுது மேடம். அன்னிக்குப் பாத்தீங்கல்ல?" என்றார். பார்த்தேன். அப்பாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனதையும், இரண்டு பேர் ஓடி வந்து கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தியதையும் பார்த்தேன். அதற்குப் பிறகு சூட்டைப் பற்றி அங்கே பேசுவதை நிறுத்திவிட்டேன்.

மற்ற வழிகளை முயலாமல் இல்லை. கம்பளி, குரங்குக் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வெந்நீர்ப் பை கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு சர்க்கரையினால் பாதத்தில் உணர்ச்சி இல்லை, சுட்டால் தெரியாது. வாடகைக் கார் போட்டுப் பார்த்தோம். "ஏசி வேணாம்னா ஆஃப் பண்ணிடறேன் சார். ஹீட்டர்லாம் இந்த வண்டில இருக்குதான்னே நான் பாத்ததில்ல" என்றார் ஒரு டிரைவர். இன்னொருவர் போட்டார். தேனாம்பேட்டை வருவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டி, அணைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான் வியர்க்கும். பக்கத்து சீட்டில் ஒருவர் பல் கிட்டிக்க நடுங்க, ஸ்டியரிங் பிடித்திருப்பவரின் முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே எங்கள் வீட்டுப் பழைய கார். அப்பா தி.நகரில் சேலைக்கடை நடத்திய காலத்தில், கடை நன்றாக ஓடிய ஒரு தீபாவளிக்குப் பிறகு வாங்கியது. கடையை இப்போது பெரியப்பா மகன் பார்த்துக்கொள்கிறான்; கார் மட்டும் எங்களிடம் இருக்கிறது. டேஷ்போர்டில் ஒரு குமிழ் உண்டு. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. நீலப் பக்கத்தில் இருந்த கோடுகள் விரல் பட்டுப் பட்டு அழிந்துபோயிருந்தன. சிவப்புப் பக்கம் ஷோரூமிலிருந்து வந்த அன்று மாதிரியே பளபளவென்று இருந்தது. அத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் யாரும் திருப்பியதில்லை.

மார்கழி தொடக்கத்தில் முதன்முதலாகத் திருப்பினேன். பழைய தூசி எரிகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. பிறகு சூடு வந்தது. அப்பா இரண்டு கைகளையும் காற்று வரும் இடத்தில் நீட்டிக்கொண்டார். "இது இவ்வளவு நாளா இதுக்குள்ளயா இருந்துச்சு?" என்று சிரித்தார். ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றோம். சிவப்பு விளக்கு பாதி போவதற்குள் கையை இழுத்துக்கொண்டார்.

நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். வேலை, ஒரு கம்பெனியில் கருவிகளைச் சோதித்து எது எங்கே தவறுகிறது என்று எழுதிக் கொடுப்பது. கார் மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் ஹீட்டர் என்பது சிக்கலான சாமான் இல்லை. இன்ஜினைச் சுற்றி ஓடும் சூடான தண்ணீரில் கொஞ்சம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போகிறது. அதன் மேல் காற்று அடிக்கிறது. அவ்வளவுதான். ஓடும்போது சூடு, நின்றால் குளிர் என்றால் காரணங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கும். தண்ணீர் குறைந்திருக்கலாம். குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பம்ப் மெதுவாகச் சுற்றும்போது தண்ணீரைத் தள்ளாமல் இருக்கலாம். சின்ன ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதலில் தண்ணீர். காலையில் இன்ஜின் சூடேறுமுன் மூடியைத் திறந்து பார்த்தேன். கழுத்து வரை இருந்தது. கூலன்ட் எப்போதோ போய், வெறும் குழாய்த் தண்ணீர், டீ நிறத்தில். நிறம் பிடிக்கவில்லை, ஆனால் அளவு சரி.

அடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர். அங்கே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் கையில் டேப்லெட்டோடு வந்தார்.

"கம்ப்ளெயின்ட் சொல்லுங்க மேடம்."

"வண்டி நின்னா குளிர்ந்த காத்து வருது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லதுதானே மேடம்?"

"ஹீட்டர்ல."

டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளினார். "ஹீட்டர்னு தனியா இல்ல மேடம். ஏசின்னு போட்டுக்கறேன், உள்ள பாத்துப்பாங்க."

"ஏசி நல்லா இருக்கு. அதைத் தொட வேண்டாம்."

"நோட் பண்ணிட்டேன் மேடம்."

சாயங்காலம் போனேன். ஏசிக்கு கேஸ் நிரப்பியிருந்தார்கள். ஃபில்டர் மாற்றியிருந்தார்கள். அவரே கதவைத் திறந்து உட்கார வைத்து, ஏசியை முழுதாகத் திருகி, "பாருங்க மேடம், ஊட்டி!" என்றார். ஹீட்டரைப் போடச் சொன்னேன். போட்டார். அப்போதுதான் வண்டியை உள்ளேயிருந்து ஓட்டி வந்திருந்ததால் கொஞ்சம் சூடு வந்து, பிறகு குளிர்ந்தது. "இதுலயும் நல்லா கூலிங் வருது மேடம்" என்றார். மனிதர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவதாக, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் மெக்கானிக். கார் வாங்கிய நாளிலிருந்தே அப்பா அவரிடம்தான் கொடுத்துவந்தார். அப்பாவை அவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். பானட்டைத் தூக்கிய கையோடு என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, ஹீட்டரா? மெட்ராஸ்லயா?"

"அப்பாவுக்குக் குளிருதுண்ணா. டயாலிசிஸ் முடிஞ்சு வரப்ப."

அவர் முகம் மாறியது. "அண்ணாச்சிக்கு எப்டி கீது?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஓட்றப்போ சூடு வருதுல்ல?" என்றார்.

"வருது."

"அப்போ வண்டி நல்லாத்தான் கீது. சிக்னல்தான் ரிப்பேரு."

பக்கத்தில் டயர் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று மறுபடி டயாலிசிஸ் நாள்; சாயங்காலம் அப்பாவை அழைத்துவர வேண்டும்.

குழாயிலிருந்து காற்றை எடுத்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. சின்ன ரேடியேட்டரில் தண்ணீர் விட்டுப் பார்த்தார், அடைப்பு இல்லை. "பம்ப்புதான்மா. ஸ்லோல தள்ள மாட்டேங்குது" என்றார். என் கழித்தலிலும் அதுதான் மிச்சம் இருந்தது. மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டுப் பழைய பம்ப்பைக் கையில் கொடுத்தார். இறக்கைகள் ஒன்றும் தேயவில்லை. அச்சு ஆடவில்லை.

"இது நல்லாத்தானே இருக்கு?"

"பாக்க அப்டித்தான்மா இருக்கும். உள்ளுக்குள்ள வீக்கு."

உள்ளும் வெளியும் ஒன்றாகவே இருக்கும் ஒரு சாமானைப் பற்றி இதைச் சொன்னார். வண்டியை எடுத்துவந்தேன். முள் எப்போதும் போல் கீழ்க் கால்வாசியில் நின்றது. இன்ஜின் சூட்டைக் காட்டும் அந்த முள்ளை அங்கேயே பார்த்து வளர்ந்தவள் நான். "பாத்தியா, எந்திரிக்கவே எந்திரிக்காது" என்று அப்பா வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் காட்டுவார். கோடையில் மற்ற வண்டிகள் பானட்டைத் திறந்துபோட்டு ஓரத்தில் நிற்க, எங்கள் வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அது ஒரு நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பம்ப் மாற்றிய அன்றைய பயணம்தான் எல்லாவற்றிலும் மோசம். கச்சேரி நாட்கள், சபா வாசல்களில் இறங்குகிறவர்களுக்காக ஒரு பாதை நின்றுவிடும். மெட்ரோ தடுப்புகள் இன்னொரு பாதையைத் தின்றுவிட்டிருந்தன. லஸ்ஸுக்கு முன்னால் வண்டிகள் நகரவே இல்லை. வெளியே தூறல். ஹீட்டரில் சூடு இறங்கி, வெறும் காற்றாகி, பிறகு அதுவும் பொறுக்க முடியாததாக ஆனது. அப்பா கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டார். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் வைப்பர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கியரை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். இன்ஜின் அலறியது. கொஞ்சம் சூடு வந்தது. இன்னும் அழுத்தினேன். பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னாமா, பறக்கப்போறியா? ரன்வே அந்தாண்ட கீது!" என்றார். பின்னால் பைக்கில் இருந்தவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். சேலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு அம்மாள் நின்று என்னை முறைத்தார்.

"விடுட்டி" என்றார் அப்பா. "எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்."

"விடுன்னா."

விட்டேன். காற்று மறுபடி குளிர்ந்தது. ஹீட்டரை அணைத்தேன். வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதுதான் அந்த ஏழாவது வரியைச் சொன்னார்.

சொன்னதைச் செய்தார். சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்துகொண்டார். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், டாக்டரைப் போனில் பேச வைத்தேன். "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்தார். அசையவில்லை. அம்மா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, "ஏட்டி, அவர்ட்ட வாதாடிப் பிரயோசனம் இல்ல. நீ அந்த ஹீட்டரைச் சரி பண்ணு" என்றாள்.

"அதைத்தானேம்மா பண்ணிட்டிருக்கேன்!"

"எங்க பண்ணுத? வண்டிய அங்கயும் இங்கயும் கொண்டு விட்டுட்டு வார."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு வாங்கியது. நாற்காலியில் தலையணையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். கால்கள் வீங்கி, சாக்ஸின் விளிம்பு தோலில் பதிந்திருந்தது. பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, வேலையைப் பற்றிப் பேசுவது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பார்த்தாச்சு, காற்று எடுத்தாச்சு, அடைப்பு இல்லை, பம்ப் புதுசு. "இன்னும் ஒண்ணுதான் இருக்கும்மா. தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு. இன்ஜின் சூடாகற வரைக்கும் பெரிய ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம மூடி வைக்கும். அது திறந்தபடியே மாட்டிக்கிட்டா, தண்ணி எல்லாம் நேரா முன்னால போய் ஆறிடும். ஹீட்டருக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதுவும் நின்னுட்டிருக்கறப்ப இன்ஜின்லயே சூடு கம்மி..."

"அது எப்படி மாட்டும்?" என்றார் அப்பா நாற்காலியிலிருந்து.

"துரு பிடிச்சா மாட்டும்ப்பா."

"அதான் வண்டியிலேயே இல்லையே." மூச்சுக்காக நிறுத்தினார். "நான்தான் எடுக்கச் சொன்னேன்லா."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மூச்சு வாங்கியபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கார் வாங்கிய புதிதில் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போகும்போது திண்டிவனம் தாண்டி வண்டி கொதித்து நின்றுவிட்டது. சித்திரை வெயில். பின்சீட்டில் கல்யாணச் சேலைகள். தாலி கட்டி முடிந்த பிறகுதான் சேலைகள் போய்ச் சேர்ந்தன. ஊரில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சேலைக்கடைக்காரனால் சேலையை நேரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை! திரும்பி வந்ததும் நம்ம மெக்கானிக்கிடம் போய், இனி இந்த வண்டி ஜென்மத்துக்கும் கொதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர், "நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வே வேணாம் அண்ணாச்சி, குளிர் ஊருக்கு வெக்கறது" என்று கழற்றி எறிந்துவிட்டார். மெட்ராஸில் பாதி வண்டிகளுக்கு அப்படித்தான் என்று வேறு சொன்னாராம்.

"அதுக்கப்புறம் ஒரு நாளாவது கொதிச்சிருக்கா? சொல்லு."

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே. நீ என்னமோ கம்ப்யூட்டர்ல பாத்துப் பாத்துப் பண்ணிட்டிருந்த. நான் என்னத்தக் கண்டேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு?"

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பக்கத்து சீட்லதான உக்காந்திருக்காரு" என்றாள்.

அன்று எனக்கு யார் மேல் கோபம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுற்றிச் சுற்றி நான் தேடியது உடைந்துபோன ஒரு சாமானை. இல்லாத சாமானை எப்படிச் சோதிப்பது? அதுவும், கொதிக்காமல் இருந்ததற்காக வருடக்கணக்கில் நாங்கள் எல்லோரும் பாராட்டிய வண்டியில்?

மெக்கானிக் வீடு கடைக்குப் பின்னால்தான். போய் நின்றேன்.

"அண்ணா, தெர்மோஸ்டாட்ட நீங்கதான் எடுத்தீங்களாமே?"

"ஆமா, நான்தான் எடுத்தேன். ரேடியேட்டர் ஃபேனையும் டைரக்டா குடுத்துக்கீறேன். சாவி போட்டா சுத்தும். அதான் வண்டி சும்மா ஜில்லுனு ஓடிக்கினு கீது."

"அப்போ பம்ப்ப ஏன் மாத்தினீங்க?"

"நீ இன்னா சொன்னே? ஹீட்டர் வர்லன்னே. தெர்மோஸ்டாட் இல்லன்னா சொன்னே?"

திரும்பப் போட வேண்டும் என்றேன். அவர் பின்வாங்கினார். "போட்டா சூடாவும். மே மாசம் கொதிச்சிக்கினு ரோட்ல நின்னா அண்ணாச்சி என்னத்தான் திட்டுவாரு. வண்டி கெட்டுப்போச்சுன்னு என்கிட்ட வந்து நிக்காத." கூலன்ட் ஊற்றி ஒழுங்காக வைத்தால் கொதிக்காது, அந்த வால்வோடுதான் வண்டியைத் தயாரித்தார்கள் என்றேன். "தயார் பண்ணவன் லஸ்ல வண்டி ஓட்டிக்கிறானா?" என்றார். கடைசியில், "சாமான் வாங்கினு வா, போட்டுத் தரேன்" என்று ஒப்புக்கொண்டார்.

சாமான் இல்லை. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த வண்டிக்கு ரேடியேட்டர் இருந்தது, பம்ப் இருந்தது, கதவுகூட இருந்தது. தெர்மோஸ்டாட் மட்டும் இல்லை. "யாரும் கேக்கறதில்ல மேடம். எடுக்கறதுதான் வழக்கம், போடறது இல்ல" என்றார் ஒரு கடைக்காரர். கோயம்புத்தூரில் கிடைக்கும், ஊட்டிக்குப் போகிற வண்டிகள் அங்கேதான் வாங்கும் என்று அவரே போன் போட்டுச் சொல்லி வைத்தார். பார்சலில் வர வேண்டும்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் அதுவரை காத்திருக்காது. தண்ணீர் முன்னால் போவதை என்னால் தடுக்க முடியாது. முன்னால் காற்று படுவதைத் தடுக்கலாம் அல்லவா? பரணில் கடைக் காலத்து அட்டைகள் கிடந்தன, சேலையை மடிக்கும்போது நடுவில் வைக்கிற தடித்த அட்டை. இரண்டை எடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் பாதியை மறைத்துக் கட்டினேன். அட்டையில் கடையின் பெயர் சிவப்பில் வெளியே தெரிந்தது. திருப்பி வைக்க நேரமில்லை. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்ட வேண்டும். பாதியைத் தாண்டினால் நிறுத்தி உருவிவிட வேண்டும்.

அப்பா மறுக்கவில்லை. மறுக்க மூச்சு இல்லை. நர்ஸ் எடை பார்த்துவிட்டு அவரைக் கடுமையாகத் திட்டினார். "ஒரு நாள் லீவு போட்டீங்க, பாத்தீங்களா? இது ஆபீஸா?" அப்பா குழந்தை மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அன்று நிறைய நீர் எடுக்க வேண்டியிருந்ததால் குளிரும் அதிகமாக இருந்தது. சக்கர நாற்காலியில் வெளியே வரும்போதே நடுங்கினார். காரின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"கடை அட்டையச் சொருகிட்டியா?"

"ஆமா."

"நல்ல விளம்பரம்" என்று ஏறிக்கொண்டார்.

ஆழ்வார்பேட்டையில் சூடு இறங்கவில்லை. லஸ்ஸில் கொஞ்சம் இறங்கி, வெதுவெதுப்பாக நின்றது. நின்றது என்பதே போதுமானதாக இருந்தது. முள் நான் பார்த்தே இராத இடத்துக்கு ஏறி நின்றது. அப்பா கைகளை நீட்டிவிட்டு, உடனே ஒரு விரலால் முள்ளைக் காட்டினார். "எந்திரிக்கு பாரு."

"எந்திரிக்கணும்ப்பா."

"கொதிக்கப் போகுது."

"கொதிக்காது."

"இப்படித்தான் திண்டிவனத்துல..."

"அப்பா, கைய அங்க வையுங்க."

வைத்தார். மந்தைவெளி வரை ஒரு கண் முள் மேலேயே இருந்தது. எனக்கும்தான்.

பார்சல் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைச் சாமான். மெக்கானிக் அதை வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினார். டீ நிறத் தண்ணீரை வடித்துக் கூலன்ட் ஊற்றினார். சூடேறினால் மட்டும் சுற்றும்படி ஃபேனைப் பழையபடி மாற்ற சுவிட்ச் வேண்டும், அதுவும் கோயம்புத்தூரிலிருந்துதான் வர வேண்டும் என்றார். வேலை முடிந்ததும் முள்ளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவர் கண்ணுக்கு நல்ல வண்டி ஒன்று கெட்டுப்போயிருந்தது.

இப்போதைய நிலை இது. வண்டி நிற்கும்போதும் ஹீட்டரில் சூடு வருகிறது. லஸ்ஸில் ரொம்ப நேரம் நின்றால் கொஞ்சம் குறைகிறது, குளிர்வதில்லை. ஃபேன் இன்னும் சாவி போட்டதும் சுற்றுகிறது, சுவிட்ச் வரவில்லை. சேலை அட்டைகள் டிக்கியில் இருக்கின்றன. அப்பாவுக்கு இன்னமும் குளிர்கிறது, ஆனால் வீடு வருவதற்குள் நடுக்கம் நின்றுவிடுகிறது. வழி முழுக்க முள் ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டே வருகிறார். வாரத்துக்கு மூன்று தடவை போகிறார்.